கேட் ஸ்டீவன்ஸ் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' (1975): பன்னிரண்டு பாட்டு இருக்கு, 1973-ஐக் காணோம்

கருவட்டு (இழை தொடங்கியவர்)

இங்கிலாந்துப் பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் இந்த இசைத்தட்டைப் பல வருஷமாகக் கேட்கிறேன். போன வாரம்தான் ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது. தட்டில் இருக்கும் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பன்னிரண்டு பாட்டையும் வெளிவந்த வருஷப்படி அடுக்கிக் கேட்டேன். வேறு ஆள் பாடுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த இழை.

தட்டில் உள்ள வரிசை இது. முதல் பக்கம்: வைல்ட் வேர்ல்ட், ஓ வெரி யங், கான்ட் கீப் இட் இன், ஹார்ட் ஹெடட் வுமன், மூன்ஷேடோ, டூ ஃபைன் பீப்பிள். இரண்டாம் பக்கம்: பீஸ் ட்ரெய்ன், ரெடி, ஃபாதர் அண்ட் சன், சிட்டிங், மார்னிங் ஹாஸ் ப்ரோக்கன், அனதர் சாட்டர்டே நைட்.

வருஷப்படி அடுக்கினால் இப்படி வரும்:

1970: ஹார்ட் ஹெடட் வுமன், வைல்ட் வேர்ல்ட், ஃபாதர் அண்ட் சன்
1971: மார்னிங் ஹாஸ் ப்ரோக்கன், மூன்ஷேடோ, பீஸ் ட்ரெய்ன்
1972: சிட்டிங், கான்ட் கீப் இட் இன்
1973: (பூஜ்யம்)
1974: ஓ வெரி யங், ரெடி, அனதர் சாட்டர்டே நைட்
1975: டூ ஃபைன் பீப்பிள்

தட்டின் வரிசையில் கேட்டால் தாடி வைத்த ஒரு சாந்தமான மனிதர் கிடைக்கிறார். நிலா வெளிச்சத்தில் நடக்கிறார், ரயிலுக்குக் காத்திருக்கிறார், எல்லாம் நல்லதாக நடக்கும் என்கிறார். வருஷ வரிசையில் அந்தச் சாந்தம் காணாமல் போகிறது. 1970-ல் 'எனக்கு ஏற்றவள் எங்கே' என்று தேட ஆரம்பிப்பவர், 1972-ல் 'எவ்வளவு தூரம் போனாலும் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து நிற்பேனோ' என்று பயப்படுகிறார். 1977 டிசம்பரில் அவர் இஸ்லாத்தைத் தழுவியதை இன்றைக்கும் பலர் 'திடீர்னு' என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் இந்தத் தொகுப்பை மட்டும், அதுவும் தட்டின் வரிசையில் மட்டும் கேட்டவர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

---

சும்மா_கேட்பவன்

தல, நான் அந்தத் தட்டை மட்டும் கேட்டவன்தான். 'திடீர்னு' கோஷ்டிதான். கையைத் தூக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னா என்ன? விற்ற பாட்டை ஒரே இடத்துல போட்டு இன்னொரு தடவை விற்கிறது. அதுல போய் ஒருத்தரோட ஆன்மிகப் பயணத்தைத் தேடினா எப்படி? வடை சாப்பிடுறவன் ஓட்டையை எண்ணுற மாதிரி இருக்கு. முதல் பக்கம் போட்டா இருபது நிமிஷம் சுகமா போகுது. எனக்கு அது போதும்.

---

ஏழாம் சுரம்

சும்மா சொல்றதுல பாதி நியாயம். ஆனா விற்ற பாட்டு மட்டும்தான்னு சொன்னா அது சரியில்ல. ஹார்ட் ஹெடட் வுமனும் ஃபாதர் அண்ட் சனும் அந்த நாள்ல விற்பனைப் பட்டியல்ல ஏறின சிங்கிள்கள் (தனிப்பாட்டா வர்ற தட்டுகள்) இல்ல. ஆல்பம் வாங்கினவங்க வாயால பரவினது. அது ரெண்டையும் யாரோ காது கொடுத்துக் கேட்டுத்தான் உள்ளே சேர்த்திருக்காங்க.

கருவட்டு அடுக்கின வரிசையில நானும் நேத்து கேட்டேன். எனக்கு ஆன்மிகம் எல்லாம் அப்புறம். முதல்ல காதுல விழுந்தது சத்தம் எப்படி மாறுதுங்கறதுதான். 1970 பாட்டு மூணும் ஏறக்குறைய ஒரு சின்ன அறைக்குள்ள நடக்குது. ரெண்டு அக்கூஸ்டிக் கிட்டார்: ஒண்ணு இவர், இன்னொண்ணு ஆலன் டேவிஸ். இவர் கம்பியை அடிக்கிறப்ப அவர் மீட்டுறார், இவர் நிறுத்துற இடத்துல அவர் நுழையறார். எது யாரோட கைன்னு பிரிச்சுச் சொல்ல முடியல. தயாரிப்பாளர் பால் சாம்வெல்-ஸ்மித், யார்ட்பேர்ட்ஸ் குழுவில பேஸ் கிட்டார் வாசிச்சவர். எதைச் சேர்க்கணும்ங்கறதைவிட எதைச் சேர்க்கக் கூடாதுன்னு தெரிஞ்ச மனுஷன். ஹார்ட் ஹெடட் வுமன்ல வயலின் கூட்டம் வருது, ஆனா எட்டி நின்னு வருது.

1972-க்கு வந்தா பியானோ முன்னாடி வந்துடுது. சிட்டிங் பாட்டோட எலும்பே பியானோதான். 1974-ல பின்பாட்டு, கீபோர்டு எல்லாம் கூடிப்போச்சு. அனதர் சாட்டர்டே நைட்ல ஊதுகுழல் வேற. அஞ்சே வருஷம், அறை மண்டபமாயிடுச்சு.

வைல்ட் வேர்ல்ட் பத்தி ஒரு விஷயம், கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு: ஏ மைனர், டி, ஜி, சி, எஃப். ஒவ்வொரு கார்டும் முந்தினதுல இருந்து நாலாவது சுரத்துக்குத் தாவுது. படிக்கட்டுல யாரோ இறங்கிப் போற மாதிரியே இருக்கும். பாட்டும் ஒருத்தி விட்டுட்டுப் போறதைப் பத்தி. சரணம் மைனர்ல புலம்புது, பல்லவி மேஜருக்கு மாறி 'பத்திரமா போ'ங்குது. கேட்கிறவங்க பல்லவியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு இதை ஒரு சந்தோஷப் பாட்டுன்னு நினைச்சுக்கறாங்க.

---

பழைய ஊசி

கருவட்டு தம்பி, உங்கள் பட்டியல் 1970-ல் தொடங்குகிறது. தவறு உங்களுடையதல்ல, தொகுப்பினுடையது. இந்த மனிதருக்கு அதற்கு முன்பே ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது.

1948-ல் லண்டனில் பிறந்தவர். இயற்பெயர் ஸ்டீவன் டிமீட்ரி ஜார்ஜியு. அப்பா கிரேக்க சைப்ரஸ்காரர், அம்மா ஸ்வீடன்காரர். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் பெற்றோர் நடத்திய உணவகத்துக்கு மேலேயே குடியிருப்பு. சுற்றிலும் நாடகக் கொட்டகைகள். ஆரம்ப காலப் பாட்டுகளில் இருக்கும் மேடை வாசனை அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1966-ல் டெரம் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'ஐ லவ் மை டாக்'. 1967 தொடக்கத்தில் 'மேத்யூ அண்ட் சன்' இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம். அதே வருடம் 'ஐம் கானா கெட் மீ எ கன்' ஆறாம் இடம். பையனுக்கு வயது பதினெட்டு. அமைதி ரயிலைப் பற்றிப் பாடியவரின் மூன்றாவது ஹிட் துப்பாக்கியைப் பற்றியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

பிறகு காசநோய். இருபது வயதை ஒட்டி, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கை, அதன் பின் நெடிய ஓய்வு. தியானம், பிற சமயங்கள் பற்றிய நூல்கள், நிறையப் பாட்டு எழுதியது எல்லாம் அந்தக் காலத்தில்தான். எழுந்து வந்தபோது தாடி இருந்தது, வாத்தியக் கூட்டம் இல்லை.

அந்த எழுச்சியின் முதல் ஆல்பம் 1970-ல் வந்த 'மோனா போன் ஜேகன்'. தொகுப்பில் அதிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை! 'லேடி டார்பன்வில்' இங்கிலாந்தில் எட்டாம் இடம் வரை போனது. உயிரோடு இருக்கும் காதலியை இறந்தவளாகப் பாவித்து எழுதிய பாட்டு. 'ட்ரபிள்' என்று ஒன்று உண்டு, நோய்ப் படுக்கையின் ஈரம் காயாத பாட்டு. 'பாப் ஸ்டார்' தன் பழைய புகழைத் தானே கிண்டல் செய்வது. 'கத்மாண்டு'வில் புல்லாங்குழல் ஊதியவர் பீட்டர் கேப்ரியல் என்ற பையன்.

டெரம் காலத்துப் பாட்டுகள் வேறு நிறுவனத்தின் சொத்து, சேர்க்கவில்லை என்றால் புரிகிறது. லேடி டார்பன்வில்லை விட்டதற்கு எனக்குத் தோன்றும் ஒரே காரணம், அது அமெரிக்காவில் எடுபடவில்லை என்பதுதான். இது அமெரிக்கக் காதுக்குப் போட்ட பட்டியல்.

---

தூறல்

ஊசி ஐயா சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. மருத்துவமனையை எடுத்துவிட்டால் மூன்ஷேடோ வெறும் குழந்தைப் பாட்டு. கை போனால், கண் போனால், கால் போனால், பல் போனால் என்று ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போய், ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு நல்லது கண்டுபிடிக்கிற பாட்டு அது. துள்ளலான தாளத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. இழப்பதற்கு எல்லாம் இருந்த ஒருவர், எல்லாவற்றையும் இழக்கப் பார்த்துத் தப்பியவர் எழுதியது என்று தெரிந்தபின் அந்தத் துள்ளல் வேறு மாதிரி கேட்கிறது.

ஸ்பெயினில் கடலோரம் இரவில் நடந்தபோது தன் நிழல் நிலவொளியில் விழுந்ததை முதன்முதலாகப் பார்த்தேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லண்டன் தெருவிளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பையனுக்கு நிலாவின் நிழல் தெரிந்திருக்கவில்லை. எனக்கு இந்த விவரம் பாட்டைவிடப் பிடிக்கும்.

---

சும்மா_கேட்பவன்

பல்லு போனா சந்தோஷம்னு பாடுறாரா? இத்தனை வருஷம் நான் 'லல்லல்லா'ன்னு கூடவே பாடிக்கிட்டு இருந்தேனே!

---

நிழல்நடை

புது உறுப்பினர், வணக்கம். நான் வந்த வழி வேறு. 'ஹெரால்ட் அண்ட் மாட்' (1971) படம் பார்த்துத்தான் இவரைத் தெரியும். படம் முழுக்க இவர் பாட்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டும், 'டோன்ட் பி ஷை', 'இஃப் யூ வான்ட் டு சிங் அவுட்', நீங்கள் பேசும் தொகுப்பில் இல்லை. அவற்றை ஏன் விட்டார்கள்?

---

பழைய ஊசி

நல்ல கேள்வி. அந்த இரண்டும் படத்துக்கென்றே எழுதியவை. படம் வந்த காலத்தில் தட்டாக வரவே இல்லை. 1984-ல் 'ஃபுட்ஸ்டெப்ஸ் இன் த டார்க்' என்று இரண்டாவது ஹிட்ஸ் தொகுப்பு வந்தபோதுதான் ரசிகர் கைக்குக் கிடைத்தன. பதின்மூன்று வருஷம். அதற்குள் பாடகர் பாட்டையே விட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், 'ஹிட்ஸ் பகுதி 2' என்று பெயர் வைத்த அந்தத் தட்டில் பெரும்பாலானவை ஹிட்டே இல்லை. 'த விண்ட்', 'வேர் டு த சில்ட்ரன் ப்ளே' எல்லாம் அதில்தான். என்னைக் கேட்டால் முதல் தொகுப்பு கடை, இரண்டாவது தொகுப்பு வீடு.

---

கருவட்டு

'கடை, வீடு' – ஐயா, இதை நான் திருடிக்கொள்கிறேன்.

கடைசி இரண்டு பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. தானே எழுதித் தானே பாடுபவர் என்றுதான் இவருக்குப் பெயர். ஆனால் தொகுப்பு முடிகிற கடைசி இரண்டும் இவர் எழுதியவை அல்ல! அனதர் சாட்டர்டே நைட் 1963-ல் சாம் குக் எழுதிப் பாடியது. மார்னிங் ஹாஸ் ப்ரோக்கனின் வரிகள் எலினார் ஃபார்ஜன் 1931-ல் ஒரு பழைய கேலிக் மெட்டுக்கு எழுதிய துதிப்பாடல். அந்த மெட்டுக்கு 'புனெசன்' என்று பெயர், ஸ்காட்லாந்தில் மல் தீவிலிருக்கும் கிராமத்தின் பெயர். இவர் அதைப் புத்தகக் கடையில் ஒரு துதிநூலில் பார்த்து எடுத்தாராம்.

அந்தப் பாட்டில் நாம் எல்லாரும் முதலில் நினைவுகூர்வது தொடக்கத்து பியானோ. அதை வாசித்தவர் ரிக் வேக்மன். 'யெஸ்' குழுவால் உலகப் புகழ் அடைந்த அதே வேக்மன். ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் இல்லை. ஆக, தொகுப்பின் பதினொன்றாவது பாட்டில் வரிகள் ஒருவருடையது, மெட்டு ஊர்ச்சொத்து, நெஞ்சில் நிற்கும் பியானோ இன்னொருவருடையது. ஆனாலும் அது கேட் ஸ்டீவன்ஸ் பாட்டு. வேறு யார் பாடினாலும் அது இவருடையதைப் பாடுவதாகத்தான் ஆகிறது. எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

---

ஏழாம் சுரம்

குரல்தான். அழகான குரல்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, வார்த்தையோட கடைசியைக் கடிச்சு விழுங்குற பழக்கம். துதிப்பாட்டை இவர் கோவில்ல நிக்கிற மாதிரி பாடல, அடுப்படியில நின்னு ஜன்னல் வழியா வெளியே பார்த்துப் பாடுற மாதிரி பாடறார். அதனால கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கும் அது ஒட்டுது.

மெட்டு விஷயத்துல இன்னொண்ணு. இவர் காதுல கிரேக்கம் இருக்கு. அதே 1971 ஆல்பத்துல 'ரூபிலவ்'னு ஒரு பாட்டு. புசூகி வாத்தியம், நடுவுல கிரேக்க மொழி வரிகள், தாளம் ஏழு எண்ணிக்கை. நம்ம ஆள் யாரும் மிஸ்ர சாபுவை விரல்ல எண்ணி உடனே பிடிச்சுடுவான். அதைத் தொகுப்புல போட்டிருந்தா இவரைப் பத்தின படமே மாறியிருக்கும். போடல. ஏழுக்கு ஆட முடியாதுன்னு நினைச்சிருப்பாங்க.

---

தூறல்

ஃபாதர் அண்ட் சன் இன்னும் பாக்கி. அதற்கென்று தனியாக உட்கார வேண்டும்.

அது முதலில் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதத் தொடங்கிய பாட்டு. ரஷ்யப் புரட்சிக் காலம். மகன் புரட்சியில் சேரப் போக நினைக்கிறான், அப்பா நிலத்தோடு இரு என்கிறார். நாடகம் நிறைவேறவில்லை, நோய் குறுக்கே வந்தது. பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. ரஷ்யா உதிர்ந்துவிட்டது, அப்பாவும் மகனும் நின்றுவிட்டார்கள்.

பாடிய வயது 22. இரண்டு குரலும் அவருடையதே. அப்பாவுக்கு அடித்தொண்டை, மகனுக்கு மேல் ஸ்தாயி. பல வருஷமாக நான் மகன் பக்கம் நின்று கேட்டேன். 'கேளுடா' என்று அப்பா ஆரம்பித்ததுமே எரிச்சல் வரும். இப்போது அப்பாவின் வரிகளில் தவறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. (வயசைக் கேட்காதீர்கள்.)

22 வயதில் அப்பாவைக் கோமாளியாகக் காட்டாமல் எழுத எப்படி முடிந்தது என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். அப்பா பொறுமையாகத்தான் பேசுகிறார், அன்பாகத்தான் பேசுகிறார். மகன் சொல்வது மட்டும் அவர் காதில் விழவே இல்லை.

---

ஏழாம் சுரம்

தூறல், அந்தப் பாட்டுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அப்பாவும் மகனும் சண்டை போடறாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே மெட்டு. மகன் ஒரு ஸ்தாயி மேல ஏறிக் கத்தறான், அவ்வளவுதான். அப்பா மெட்டை விட்டு அவனால வெளியே போக முடியல.

---

தூறல்

ஐயோ. இனிமேல் அதை எப்படிக் கேட்பேன்?

---

சும்மா_கேட்பவன்

ரோனன் கீட்டிங் குழு, பாய்ஸோன், 1995-ல பாடினதுதான் எங்க செட்டுக்குத் தெரிஞ்ச ஃபாதர் அண்ட் சன். மூலப் பாட்டு வேற ஒருத்தரோடதுன்னு ரொம்பக் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதே மாதிரி 'த ஃபர்ஸ்ட் கட் இஸ் த டீப்பஸ்ட்' ராட் ஸ்டூவர்ட் பாட்டுன்னு நினைச்சேன், அதுக்கு முன்னாடி ஷெரில் க்ரோ பாட்டுன்னு நினைச்சேன். ரெண்டும் இல்லையாமே?

---

பழைய ஊசி

இல்லை. இந்தப் பையன் எழுதியது. 1967-ல் முதலில் பி. பி. அர்னால்ட் பாடி ஹிட் ஆக்கினார், ஸ்டூவர்ட் 1977, க்ரோ 2003. மூன்று தலைமுறைக்கு மூன்று பேர் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். எழுதியவரின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸில் அதற்கு இடமில்லை. வைல்ட் வேர்ல்டுக்கும் இந்தக் கதைதான்: இங்கிலாந்தில் 1970-ல் அதை ஹிட் ஆக்கியவர் ஜிம்மி கிளிஃப், 1988-ல் மறுபடி மாக்ஸி ப்ரீஸ்ட்.

---

நிழல்நடை

ஒரு சந்தேகம். பீஸ் ட்ரெய்னை ஒரு அமெரிக்கக் குழு பாடி, பிறகு ஆல்பத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

---

கருவட்டு

உண்மை. 10,000 மேனியாக்ஸ் குழுவின் 1987 ஆல்பத்தில் இருந்தது. 1989-ல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டிக்கு எதிரான கொலை ஃபத்வா பற்றி யூசுஃப் (மதம் மாறிய பிறகு இவர் வைத்துக்கொண்ட பெயர்) பேசியது பெரிய சர்ச்சையானது. தான் கொலைக்கு ஆதரவு தரவில்லை என்று அவர் மறுத்தார். அந்தக் குழு அமெரிக்காவில் பிறகு வந்த பதிப்புகளில் பாட்டை நீக்கிவிட்டது.

---

சும்மா_கேட்பவன்

அப்ப அந்த விவகாரத்துல நீங்க எந்தப் பக்கம்னு...

---

நெறியாளர்

அந்த விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது, ஏற்கெனவே பூட்டியும் இருக்கிறது. இங்கே பாட்டைப் பற்றி மட்டும். நன்றி.

---

கருவட்டு

சரி, தலைப்புக்கு வருகிறேன். 1973.

1972-ல் வந்த 'கேட்ச் புல் அட் ஃபோர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இவருக்கு அங்கே முதலிடம் கிடைத்த ஒரே ஆல்பம். பெயர் ஸென் பௌத்த மரபின் 'பத்து எருதுகள்' படங்களிலிருந்து வந்தது: எருதைத் தேடுவது, தடம் காண்பது, எருதைக் காண்பது, நான்காவது எருதைப் பிடிப்பது. பிடித்தாயிற்று என்று பெயர் வைத்துவிட்டு, முதல் பாட்டாக சிட்டிங்கை வைக்கிறார். அதில் எதையும் பிடித்த மாதிரி தெரியவில்லை.

அதற்கு அடுத்து என்ன செய்வார்கள்? வெற்றி பெற்ற சூத்திரத்தைத் திரும்பச் செய்வார்கள். இவர் சாம்வெல்-ஸ்மித்தை விட்டார், இங்கிலாந்தை விட்டு ஜமைக்காவுக்குப் போனார், தானே தயாரித்தார். 'ஃபாரினர்'. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'ஃபாரினர் சூட்', 18 நிமிஷம். பின்குரலெல்லாம் அமெரிக்க ஸோல் இசையின் சாயல். நாட்டுப்புறக் கிட்டார்ப் பையன் என்ற சட்டையைக் கழற்றி எறிந்திருக்கிறார்.

தொகுப்பு இந்த வருஷத்தை அப்படியே தாண்டிக் குதிக்கிறது. 18 நிமிஷப் பாட்டைச் சேர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆல்பத்திலிருந்து 'த ஹர்ட்' சிங்கிளாக வந்து அமெரிக்காவில் முதல் 40-க்குள் நுழைந்தது. அதையும் விட்டிருக்கிறார்கள். ஓ வெரி யங் மறுபடி சாம்வெல்-ஸ்மித்தோடு, மறுபடி பழைய மென்மையோடு வருகிறது. தொகுப்பில் கேட்பவருக்கு 1972-லிருந்து 1974-க்குத் தடங்கலே இல்லாத சாலை. நடுவில் ஒருத்தர் வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்திருக்கிறார் என்பதே தெரியாது.

பெயரைக் கவனியுங்கள்: ஃபாரினர், அந்நியன். அப்பா கிரேக்க சைப்ரஸ், அம்மா ஸ்வீடன், படித்தது கத்தோலிக்கப் பள்ளி, வளர்ந்தது லண்டன் நாடகத் தெரு, போட்டுக்கொண்ட பெயர் கேட் ஸ்டீவன்ஸ். முதன்முதலாகத் தன் நிலைமைக்குத் தானே ஒரு சொல் வைக்கிறார். அந்தச் சொல்தான் தொகுப்பில் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகப் போகிறது. 1975 கடைசியில் பித்தாகரஸின் எண்களை வைத்து 'நம்பர்ஸ்'. எழுபதுகளின் நடுவில் மாலிபு கடலில் மூழ்கப் பார்த்து, காப்பாற்றினால் உனக்காக உழைக்கிறேன் என்று கடவுளிடம் சொன்னதாக அவரே சொல்லும் கதை. அண்ணன் டேவிட் கொடுத்த குர்ஆன். 1977 டிசம்பர். ஊசி ஐயா சொன்ன மருத்துவமனைப் படுக்கையில் தொடங்கிய வரிசை இது. கிட்டத்தட்ட ஒன்பது வருஷத் தேடலுக்கு 'திடீர்' என்று பெயர்.

---

பழைய ஊசி

தம்பி, சட்டையைக் கழற்றினார் என்பதெல்லாம் சரி. ஆனால் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. ஃபாரினர் சூட் 18 நிமிஷமும் நன்றாக இல்லை. நடுவில் ஏழெட்டு நிமிஷம் இவரே வழி தெரியாமல் அலைகிறார். நான் வாங்கிய வாரமே மூன்று முறை கேட்டு அலமாரியில் வைத்தவன். 'நம்பர்ஸ்' அதைவிட மோசம். தேடலுக்கு மதிப்பெண் கொடுக்கலாம், பாட்டுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

1977-ன் 'இஸிட்ஸோ' எனக்குப் பிடிக்கும். 'வாஸ் டாக் எ டோனட்' என்று பாட்டே இல்லாத ஒரு மின்னிசைத் துண்டு அதில் உண்டு. ஹிப்ஹாப் பையன்கள் பின்னாளில் அதைத் தோண்டி எடுத்தார்கள். மதம் மாறும் வருஷத்தில் இவர் விளையாடிக்கொண்டிருந்தது சின்தசைசரோடு!

---

ஏழாம் சுரம்

ஊசி ஐயாவோட சேர்ந்து பாதி, கருவட்டோட சேர்ந்து பாதி. சூட்ல கடைசிப் பகுதி மெட்டு அருமை. அதை மட்டும் வெட்டி நாலு நிமிஷப் பாட்டா விட்டிருந்தா தொகுப்புல முதல் இடத்துல இருந்திருக்கும். வெட்ட ஒரு ஆள் வேணும், அந்த ஆளைத்தான் லண்டன்லயே விட்டுட்டுப் போயிட்டாரே.

---

தூறல்

இன்னொரு தொகுப்பு இருக்கிறது, அதை யாரும் தொகுப்பு என்று சொல்வதில்லை. 2020-ல் வந்த 'டீ ஃபார் த டில்லர்மன் 2'. 'டீ ஃபார் த டில்லர்மன்' என்ற 1970 ஆல்பத்தின் பதினோரு பாட்டையும் 72 வயதில் திரும்பப் பாடியிருக்கிறார். வைல்ட் வேர்ல்ட் ஏதோ பழைய ஐரோப்பிய மதுக்கூட நடனம் மாதிரி ஆகிவிட்டது, எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் ஃபாதர் அண்ட் சன்... அப்பா பகுதியை இப்போதைய யூசுஃப் பாடுகிறார். மகன் பகுதிக்கு 1970-ல் லாஸ் ஏஞ்சலஸ் ட்ருபடோர் மேடையில் பதிவான தன் பழைய குரலையே எடுத்து வைத்திருக்கிறார். 22 வயதுப் பையன் கெஞ்சுகிறான், 72 வயதுக்காரர் பதில் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆள்.

1979 கடைசியில் மேடையை விட்டு, கிட்டார்களை அறப்பணிக்காக ஏலத்தில் கொடுத்துவிட்டுப் போனவர். இருபது வருஷத்துக்கும் மேலாக வீட்டில் கிட்டாரே இல்லை. மறுபடி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர் மகன். பாட்டில் அப்பா மகனைப் போகாதே என்கிறார். வாழ்க்கையில் மகன்தான் அப்பாவைத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறான்.

---

நிழல்நடை

இப்போதுதான் அதைத் தேடிக் கேட்டேன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி தூறல் அக்கா.

---

சும்மா_கேட்பவன்

சரிங்க, ஒப்புக்கிறேன். நேத்து ராத்திரி கருவட்டு வரிசையில பன்னிரண்டையும் அடுக்கிப் போட்டேன். சுகமா தூங்கலாம்னுதான் நினைச்சேன். 1970 நல்லா போச்சு. 1971-ல பல்லு போற பாட்டு வந்தப்ப சிரிச்சுட்டேன். 1972-ல சிட்டிங் ஆரம்பிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டேன். தட்டுல அது ஃபாதர் அண்ட் சனுக்கும் மார்னிங் ஹாஸ் ப்ரோக்கனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கும், நான் ஒரு தடவைகூட சரியா கேட்டதில்ல. வழக்கமா அந்த நேரத்துல டீ போடப் போயிடுவேன்.

அடுத்து 1974-க்குப் போக மனசு வரல. நடுவுல ஏதோ விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்புறம் ஓ வெரி யங் கேட்டா, எதையோ மறைக்கிற பாட்டு மாதிரியே இருக்கு. அந்த 18 நிமிஷத்தை எங்க தேடுறது?

---

கருவட்டு

'ஃபாரினர்' ஆல்பத்தின் முதல் பக்கம், முதல் பாட்டு. டீயை முன்னாடியே போட்டு வெச்சுக்கோங்க.

---

பழைய ஊசி

நடு ஏழெட்டு நிமிஷத்தில் ஆறிவிடும். இரண்டு டம்ளராகப் போடவும்.